கிராண்ட் நேஷனல்: எந்தக் குதிரை தாங்கும்? (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: இரண்டரை மைல் ஸ்டீபிள்சேஸ் (வேலி தாண்டும் பந்தய) ஓட்டங்களில் தொடர்ந்து மூன்று முறை முதலில் வந்த குதிரை ஒன்று, ஏப்ரலில் இங்கிலாந்தின் ஐன்ட்ரீ திடலில் கிராண்ட் நேஷனல் பந்தயம் ஓடப்போகிறது. வாய்ப்பு உண்டுதானே?

பதில்: மூன்று வெற்றி என்று எண்ணுவதைவிட, மூன்றும் எப்படி வந்தன என்று பாருங்கள். நேஷனல் 4 மைல் 2½ ஃபர்லாங், ஏறக்குறைய 6.9 கிலோமீட்டர். தாண்ட வேண்டிய வேலிகள் 30. கடைசி வேலிக்குப் பிறகும் 494 கெஜம் ஓட்டம் பாக்கி இருக்கும். முன்னால் பாய்ந்துவிட்டு, பிறர் நெருங்க நெருங்க எப்படியோ தப்பித்து ஜெயித்த குதிரைக்கு அந்த 494 கெஜத்தில் மூச்சு தாங்காது. பின்னாலிருந்து வந்து, முடிவுக் கோட்டைத் தொடும்போதும் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போனது என்றால் தைரியமாகக் கணக்கில் எடுக்கலாம். அதோடு மூன்று மைலுக்கு மேல், ஈரமான தரையில், ஒரு நல்ல ஓட்டமாவது பதிவில் வேண்டும்.

வயது? ஏழுக்குக் குறைந்தால் ஓடவே விடமாட்டார்கள். ஏழு வயதில் ஜெயிப்பதும் அபூர்வம்: 1940க்குப் பிறகு 2022இல் நோபல் யேட்ஸ்தான் அதைச் செய்தது.

கேள்வி: நல்ல குதிரைக்குக் கூடுதல் எடை ஏற்றுகிறார்கள். அது உண்மையிலேயே முடிவை மாற்றுமா?

பதில்: மாற்றும். 1973ஐப் பாருங்கள். கிரிஸ்ப் என்ற குதிரை சுமந்தது 12 ஸ்டோன் (ஒரு ஸ்டோன் 14 பவுண்டு). ரெட் ரம் 10 ஸ்டோன் 5 பவுண்டு. வித்தியாசம் 23 பவுண்டு, பத்து கிலோவுக்கு மேல். வெகு தூரம் முன்னால் போய்விட்ட கிரிஸ்ப், கடைசி வேலியைத் தாண்டியதும் தள்ளாட ஆரம்பித்தது. ரெட் ரம் துரத்தி வந்து முக்கால் குதிரை நீளத்தில் ஜெயித்தது. என்னைக் கேட்டால் அன்று ஓடியதில் சிறந்த குதிரை கிரிஸ்ப்தான். ஆனால் ஹேண்டிகேப் பந்தயத்தில் (நல்ல குதிரைக்கு அதிக எடை ஏற்றிச் சமன்செய்யும் பந்தயம்) சிறந்த குதிரையைத் தேடினால் பணமும் மானமும் போகும். சுமக்கும் எடைக்குச் சிறந்ததைத் தேட வேண்டும்.

கணக்கு எளிது. குதிரையின் திறனுக்குத் தரும் அதிகாரப்பூர்வ மதிப்பீட்டில் ஒரு புள்ளி என்பது முதுகில் ஒரு பவுண்டு. 160 மதிப்பீடுள்ள குதிரையைவிட 150 உள்ளது பத்து பவுண்டு குறைவாகச் சுமக்கும். இதில் பலர் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. எடைப் பட்டியல் பிப்ரவரியிலேயே வந்துவிடும். அதன் பிறகு மார்ச்சில் ஒரு குதிரை பெரிதாக ஜெயித்தால் மதிப்பீடு ஏறும், நேஷனலில் சுமக்கும் எடை அதற்காக ஏறாது. பட்டியல் எடையையும் இன்றைய மதிப்பீட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஐந்தாறு பவுண்டு லாபத்தில் நிற்கும் குதிரை தெரியும். (பட்டியலின் உச்சியில் உள்ள குதிரைகள் விலகினால் எல்லோருக்கும் எடை சேர்ந்தே ஏறும், அதனால் ஒப்பீடு கெடாது.)

செல்டனம் கோல்டு கப் என்ற இன்னொரு பெரிய பந்தயத்துக்கு இந்தக் கணக்கு உதவாது. அது ஹேண்டிகேப் அல்ல. அங்கே தரம்தான் பேசும்.

கேள்வி: பந்தயப் பட்டியலில் குதிரையின் பெயருக்கு முன்னால் எண்களுக்கு நடுவே எழுத்துகள் வருகின்றனவே?

பதில்: எண்கள் முந்தைய ஓட்டங்களில் வந்த இடங்கள். வலக்கோடியில் இருப்பதுதான் கடைசி ஓட்டம். ‘எஃப்’ என்றால் விழுந்தது. ‘யு’ என்றால் குதிரை விழவில்லை, ஜாக்கி மட்டும் விழுந்தார். ‘ஆர்’ என்றால் தாண்ட மறுத்தது. அந்தக் குணம் லேசில் போகாது, ஒதுக்கிவிடுங்கள். ‘பிராட் டவுன்’ என்பதன் எழுத்து (B) வந்தால் மட்டும் குதிரையைக் குறை சொல்லாதீர்கள். முன்னால் விழுந்த குதிரை இதையும் தடுக்கிவிட்டது, அவ்வளவே. ‘புல்டு அப்’ (P) என்பதுதான் சிக்கல்: ஜாக்கியே நடுவில் நிறுத்தியிருக்கிறார். சேறு ஒத்துக்கொள்ளவில்லையா, மூச்சுத் தொந்தரவா என்று தேடுங்கள். மூச்சுக்குழாய் அறுவை நடந்திருந்தால் பிரிட்டனில் 2018 முதல் பந்தயப் பட்டியலிலேயே குறிக்கிறார்கள். அறுவைக்குப் பிறகு இதுதான் முதல் ஓட்டம் என்றால் பழைய தோல்விகளை அப்படியே நம்ப வேண்டாம்.

கேள்வி: நேஷனலில் பாதி குதிரைகள் விழுந்துவிடும்போது ஆராய்ச்சி எதற்கு?

பதில்: அது பழைய கதை. 2013 முதல் வேலிகளின் உள்ளே மரக்கட்டைக்குப் பதில் வளையும் பிளாஸ்டிக். 2024இல் ஓடும் குதிரைகளை 40இலிருந்து 34ஆகக் குறைத்தார்கள். முதல் வேலியைத் தொடக்கக் கோட்டுக்கு 60 கெஜம் அருகே கொண்டுவந்தார்கள், வேகம் எடுப்பதற்குள் தாண்டிவிடட்டும் என்று. பழைய வருடங்களின் விழுந்த கணக்கை இன்றைக்குப் பொருத்தினால் தப்பாகப் போகும். ஆனாலும் பீச்சர்ஸ் புரூக் என்ற வேலியில் இறங்கும் பக்கம் பள்ளம். கால்வாய்த் திருப்பம் என்ற வேலியில் தாண்டிய கையோடு இடப்பக்கம் செங்குத்தாக மடங்க வேண்டும். வலப்பக்கம் சாய்ந்து தாண்டும் பழக்கமுள்ள குதிரை அங்கே ஒவ்வொரு சுற்றிலும் பல குதிரை நீளத்தை இழக்கும்.

கேள்வி: பந்தயத்துக்கு முன் பேடக்கில் (குதிரைகளை நடத்திக் காட்டும் இடம்) அவை சுற்றிவரும்போது எதைப் பார்ப்பது?

பதில்: கழுத்தெல்லாம் நுரைத்து, நடத்திச் செல்பவரை இழுத்துக்கொண்டு போனால் பாதிச் சக்தி அங்கேயே தீர்ந்தது. வெயிலில் லேசான வியர்வை குற்றமில்லை. தலை தாழ்ந்து, காது முன்னோக்கி, பின்னங்கால் முன்னங்காலின் தடத்தைத் தாண்டி விழ நடக்கிறதா பாருங்கள். வயிறு தளர்ந்து தொங்கினால் முழுத் தகுதிக்கு வர இன்னும் ஓர் ஓட்டம் தேவைப்பட்ட குதிரை அது.