நீர் ஏறவும் இறங்கவும் இடம்: ஆற்றோர ஈரநில மீட்பு பற்றிய கேள்வி பதில்

தாங்கல் எனும் சிற்றேரி, கழுவெளி எனும் உவர்ச் சதுப்பு, ஆற்றோரத் தாழ்நிலம் ஆகியவற்றை மீட்பது குறித்துக் கேள்வி அனுப்பிய அனைவருக்கும் வணக்கம். இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தென்சென்னையின் நீர்நிலைகளில் களப்பணி செய்துவருகிறேன். ஒரே பொருளைப் பலர் கேட்டிருந்ததால் அவற்றை ஒன்றாக்கி விடை எழுதியிருக்கிறேன்.

முடிச்சூரிலிருந்து ஒருவர்: அம்மா, எங்கள் பகுதியில் ஐப்பசி முதல் தை வரை நீர் நிற்கும், கோடையில் மாடு மேயும் மேய்க்கால் புறம்போக்கு ஒன்று உள்ளது. ஏரி என்று பதிவேட்டில் இல்லை. அதை ஈரநிலம் என்று சொல்லலாமா?

தாராளமாகச் சொல்லலாம். ஆண்டில் சில மாதங்கள் மட்டும் நீர் நிற்பது அந்த நிலத்தின் குறையன்று, அதுவே அதன் இயல்பு. ஆதனூர்ப் பக்கம் தொடங்கி ஏறத்தாழ 42 கிலோமீட்டர் ஓடிக் கடலில் சேரும் அடையாறு, ஆண்டில் பெரும்பகுதி மெலிந்து கிடந்து, வடகிழக்குப் பருவமழையில் மட்டும் கரை மீறும் ஆறு. அவ்வாறு மீறும்போது நீர் பரவுவதற்கென்று ஆறே உருவாக்கிக்கொண்ட தாழ்நிலத்தைத்தான் வெள்ளச் சமவெளி என்கிறோம். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்தின் உபரிநீரோடு ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரியும் சேர்ந்து வந்தபோது, அந்நீர் தேடியது உங்கள் மேய்க்கால் போன்ற இடங்களைத்தான். அவை வீட்டுமனைகளாக மாறியிருந்த இடங்களில் நீர் வீட்டுக்குள் வந்தது.

வெள்ளம் வண்டலையும் விதையையும் மீன்குஞ்சையும் கொண்டுவந்து சேர்க்கிறது. அது வடியும்போது ஈரமான சேற்றில் கோரை முளைக்கிறது, புழு பூச்சி பெருகுகிறது. இந்த ஏற்ற இறக்கத்தை இழந்த நிலத்தில் எத்தனை மரம் நட்டாலும் அது ஈரநிலம் ஆகாது. இனி வரும் விடைகள் பலவற்றுக்கும் இதுவே அடிப்படை.

பெரும்பாக்கத்திலிருந்து குடியிருப்போர் சங்கச் செயலாளர்: எங்கள் நீர்நிலையைப் பத்து அடி ஆழப்படுத்தி, சுற்றிலும் உயர்ந்த கரையும் நடைபாதையும் அமைக்க நன்கொடையாளர் ஒருவர் முன்வந்திருக்கிறார். அதிக நீர் தேங்கும், வெள்ளமும் குறையும் என்கிறார்கள். சரிதானே?

நன்கொடையாளரின் நல்லெண்ணத்தை மதிக்கிறேன். ஆயினும் இந்தத் திட்டத்தை அப்படியே ஏற்க வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் வெள்ளக் கணக்கைப் பார்ப்போம். ஒரு ஹெக்டேர் பரப்பில் ஒரு மீட்டர் உயரத்துக்கு நீர் நின்றால் அது 10,000 கன மீட்டர், அதாவது ஒரு கோடி லிட்டர். ஆனால் வெள்ளத்தை வாங்குவது, மழை வரும் நாளில் காலியாக இருக்கும் இடம் மட்டுமே. பத்து அடிப் பள்ளம் ஐப்பசி முதல் வாரத்திலேயே நிறைந்துவிட்டால், கார்த்திகையில் பெருமழை கொட்டும்போது அதனால் ஒரு பயனும் இல்லை. பரந்து ஆழமற்றுக் கிடக்கும் நிலமோ, மழைக்கும் மழைக்கும் இடையில் தன் நீரைப் போக்குக் கால்வாய் வழியே மெல்ல விட்டு, அடுத்த வெள்ளத்துக்கு இடம் வைத்துக்கொள்கிறது. வெள்ளம் குறைய வேண்டுமானால் வரத்துக் கால்வாயும், உபரிநீர் வழிந்தோடும் கலங்கலும், போக்குக் கால்வாயும் அடைப்பின்றி இருக்க வேண்டும். செலவிட வேண்டிய பணத்தின் பெரும்பகுதி அங்கேதான் போக வேண்டும்.

அடுத்தது உயிர். சிறிய உள்ளான்கள் ஈரச் சேற்றிலும் சில சென்டிமீட்டர் நீரிலும் இரை தேடுபவை. நெடுங்கால் உள்ளானுக்கு அதைவிடச் சற்று ஆழம் போதும். கூழைக்கடாவும் முக்குளிப்பானும்தான் ஆழ்நீரை நாடுகின்றன. செங்குத்தாக வெட்டிய பள்ளத்தில் இந்தச் சில பறவைகளுக்கு மட்டுமே இடம் இருக்கும். பத்து அடி தோண்டும்போது, பல்லாண்டுகளாகச் சேற்றில் உறங்கும் கோரை, அல்லி, கொட்டி ஆகியவற்றின் விதைகளையும் கிழங்குகளையும் லாரியில் ஏற்றி அனுப்பிவிடுகிறோம். அடியில் உள்ள களிமண் படுகை உடைந்தால் நீர் நிற்காமலும் போகலாம். கடலுக்கு அருகில் இருந்தால் உவர்நீர் மேலேறவும் கூடும்.

இதை நான் ஏட்டிலிருந்து மட்டும் சொல்லவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு தாங்கலில், ஆழப்படுத்தும் வரைபடத்துக்கு நானும் ஒப்புதல் தந்தேன். முதல் ஆண்டு நீர் தெளிந்து நின்றதைப் பார்த்து எல்லோரும் மகிழ்ந்தோம். மூன்றாம் ஆண்டில், முன்பு அங்கே நூற்றுக்கணக்கில் இறங்கிய உள்ளான்களில் ஒன்றைக்கூடக் காணவில்லை. அந்த வருத்தம் இன்றும் எனக்கு உண்டு. ஆகவே, தேவையான இடத்தில் மட்டும் அண்மையில் படிந்த கழிவுச் சேற்றை அகற்றுங்கள். ஓரங்களை ஒரு அடி இறங்கப் பத்து அடிக்கு மேல் நடக்க வேண்டிய அளவுக்குச் சாய்வாக விடுங்கள். நடைபாதை ஒரு பக்கத்தோடு நிற்கட்டும்.

செம்பாக்கத்திலிருந்து ஒருவர்: ஆகாயத்தாமரையை ஆண்டுதோறும் அள்ளுகிறோம், மறு ஆண்டே மூடிவிடுகிறது. என்னதான் வழி?

அதற்கு உணவு போய்க்கொண்டிருக்கும் வரை அது வரும். வீட்டுக் கழிவுநீரில் உள்ள நைட்ரஜனும் பாஸ்பரஸும்தான் அந்த உணவு. சாதகமான நீரில் இரண்டு வாரத்துக்குள் அது இருமடங்காகப் பெருகிவிடும். அதன் விதைகள் சேற்றில் பல ஆண்டுகள் உயிரோடு இருக்கும். மழைநீர் வடிகாலில் கலக்கும் கழிவுநீர் இணைப்புகளைக் கண்டுபிடித்துத் துண்டிப்பதே முதல் வேலை. உங்கள் பகுதியிலிருந்து நீர் கீழ்க்கட்டளை, நாராயணபுரம் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்குப் போகிறது. எனவே நீங்கள் மேலே தடுப்பது கீழே உள்ள எல்லோருக்கும் உதவும்.

அள்ளும்போது பூக்கும் முன் அள்ளுங்கள், அள்ளியதைக் கரையில் குவித்து அழுக விடாதீர்கள். முதல் மழையில் அந்தச் சாறு முழுவதும் மீண்டும் நீருக்குள் இறங்கிவிடும். கழிவுநீரை நிறுத்திய பிறகும், சேற்றில் சேர்ந்த பாஸ்பரஸ் சில ஆண்டுகள் கசிந்துகொண்டே இருக்கும் என்பதால் உடனே பலன் தெரியவில்லையே என்று மனம் தளர வேண்டாம்.

அதே நண்பர்: சம்புவையும் அகற்ற வேண்டுமா?

முழுவதும் வேண்டாம். கோரை போல நீரில் உயர்ந்து வளரும் சம்பு நம் மண்ணின் செடி, தாழைக்கோழிகள் கூடு கட்டும் இடம். திறந்த நீரை மூடும் அளவுக்குப் பரவினால் மட்டும் திட்டுத்திட்டாக, நீர்மட்டத்துக்குக் கீழே வெட்டுங்கள். கழிவுநீர் வரும் வாயிலில் உள்ள சம்புவை விட்டுவையுங்கள். கரையில் உள்ள சீமைக்கருவேலத்தை வேரோடு எடுக்கலாம். ஆனால் அதில் கொக்குகள் கூடு கட்டியிருந்தால் குஞ்சுகள் பறக்கும் வரை பொறுத்திருங்கள்.

கோட்டூர்புரத்திலிருந்து கல்லூரி மாணவி: எங்கள் நாட்டு நலப்பணித் திட்டக் குழு ஈரநிலத்தில் 500 மரக்கன்று நட விரும்புகிறது. அலையாத்தி நடலாமா?

கடல் ஓதம் ஏறி இறங்கும் இடத்தில் மட்டுமே அலையாத்தி நிலைக்கும். அடையாறு முகத்துவாரத்தை ஒட்டிய தொல்காப்பியப் பூங்காவில் குப்பையையும் இடிபாடுகளையும் அகற்றி, நீர்ப்பரப்பை மீட்டு, அதன் பிறகே செடிகளை நட்டார்கள். அந்த வரிசையைத்தான் நாம் பின்பற்ற வேண்டும். உள்நாட்டு நன்னீர்த் தாழ்நிலத்தில் அலையாத்திக்கு வேலையில்லை. அங்கே கரையோரத்தில் நீர்மருதும் கடம்பும் சில நடலாம். நடுநிலத்தைத் திறந்தே விடுங்கள். நீரோட்டத்தைச் சரிசெய்து ஒரு பருவம் காத்திருந்தால், நடாமலேயே முளைப்பது எவ்வளவு என்று பார்த்து வியப்பீர்கள். நடும் ஆர்வத்தைக் கணக்கெடுக்கும் பணிக்குத் திருப்பினால் அதைவிடப் பெரிய உதவி இல்லை. அடுத்த விடை உங்களுக்கும் சேர்த்துத்தான்.

வேளச்சேரியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்: பெரிய ஆய்வுக்கூடம் எங்களிடம் இல்லை. நிலம் மீள்கிறதா என்பதை நாங்களே எப்படிக் கண்காணிப்பது?

ஐயா, இக்கேள்விக்காகவே காத்திருந்தேன். கண்காணிப்பு என்பது வேலை முடிந்த பிறகு தொடங்குவது என்று பலர் நினைக்கிறார்கள். மண்வெட்டி இறங்குவதற்கு முன், ஒரு மழைக்காலமும் ஒரு கோடையுமாவது கணக்கெடுத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் தெரியும் மாற்றம் உங்கள் வேலையால் வந்ததா, மழை கூடியதால் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. அதே காரணத்துக்காக, வேலை ஏதும் நடக்காத, அதே தன்மையுள்ள மற்றொரு நீர்நிலையையும் ஒப்பீட்டுக்காகத் தொடர்ந்து அளந்துவர வேண்டும்.

நீர்மட்டத்திலிருந்து தொடங்குங்கள். சென்டிமீட்டர் குறித்த ஓர் அளவுகோலை அசையாத கல்தூணில் பொருத்தி, நாள்தோறும் ஒரே நேரத்தில் ஒருவர் படித்து எழுதினால் போதும். ஒரே ஒரு அளவு மட்டும்தான் முடியும் என்றால் நான் இதையே தேர்ந்தெடுப்பேன். நீர் எவ்வளவு வேகமாக ஏறுகிறது, எத்தனை நாளில் வடிகிறது, கோடையில் எத்தனை நாள் வறண்டிருக்கிறது என்ற மூன்றும் அந்த ஒரு நோட்டிலிருந்து தெரிந்துவிடும். கரையோரத்தில் துளையிட்ட பிளாஸ்டிக் குழாயைச் செங்குத்தாகப் புதைத்தால் நிலத்தடி நீர்மட்டமும் தெரியும்.

நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனைச் சூரியன் உதிக்கும் முன் அளக்க வேண்டும். பாசி மண்டிய நீரில் பிற்பகல் அளந்தால் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல்கூடக் காட்டும். அதே நீரில் விடியலில் மீன்கள் வாய் திறந்து மேலே மிதக்கும். மீன்வளத்துக்குக் குறைந்தது 4 மில்லிகிராம் வேண்டும் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வரையறை. நீரில் கரைந்த உப்புகளின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறனை அளக்கச் சிறு கருவி ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். மழை பெய்யாத நாளில் அது திடீரென்று உயர்ந்தால் எங்கோ கழிவுநீர் திறந்திருக்கிறது என்று பொருள்.

நிலையான நான்கு இடங்களிலிருந்து, ஒரே திசை நோக்கி, மாதம் ஒரு முறை புகைப்படம் எடுங்கள். பறவைகளோடு நின்றுவிடாமல் தும்பிகளையும் ஊசித்தும்பிகளையும் எண்ணுங்கள். அவற்றின் இளம்பருவம் முழுவதும் நீருக்குள் கழிவதால் நீரின் உண்மை நிலையை அவை சொல்லும். முதல் மழை இரவுகளில் தவளை ஒலியைப் பதிவு செய்யுங்கள். பொங்கல் விடுமுறையில் 2015 முதல் நடந்துவரும் பறவைக் கணக்கெடுப்பிலும் உங்கள் நீர்நிலையைச் சேர்த்துவிடுங்கள்.

மேடவாக்கத்திலிருந்து ஒருவர்: எங்கள் ஏரியில் நத்தைகுத்தி நாரையும் நாமக்கோழியும் பெருகிவிட்டன. மீட்பு வெற்றி என்று அறிவிக்கலாமா?

இன்னும் வேண்டாம். பறவை பறந்து வரும் உயிர், வேறோரிடம் வறண்டாலும் உங்களிடம் வரும். கழிவுநீர் கலந்த சேற்றில் புழு பெருகுவதால் சில இனங்கள் அங்கேயும் கூட்டமாக இறங்கும். எண்ணிக்கையைவிட எத்தனை வகை, எவை கூடு கட்டுகின்றன, குஞ்சுகள் பறந்தனவா என்பனவே நம்பத்தக்கவை.

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் உள்ள கிஸ்ஸிமீ ஆற்றை உதாரணமாகச் சொல்லலாம். வளைந்து வளைந்து ஓடிய அந்த ஆற்றை 1962 முதல் 1971 வரை வெள்ளத்தடுப்புக்காக நேர்க்கால்வாயாக வெட்டினார்கள். வெள்ளச் சமவெளி வறண்டது, நீர்ப்பறவைகள் குறைந்தன. 1999இல் கால்வாயின் ஒரு பகுதியை மண்ணிட்டு நிரப்பத் தொடங்கி, 2021இல் கட்டுமானத்தை முடித்து, ஏறத்தாழ 70 கிலோமீட்டர் ஆற்றுவழியை மீட்டிருக்கிறார்கள். வேலைக்கு முன்பே நீரோட்டம், ஆக்சிஜன், செடி, பூச்சி, மீன், பறவை எல்லாவற்றையும் அளந்து வைத்திருந்ததால்தான் எது மீண்டது, எது மீளவில்லை என்று அவர்களால் தனித்தனியே சொல்ல முடிகிறது.

பெயர் குறிப்பிடாத வாசகர்: எத்தனை ஆண்டில் முழுமையாக மீளும்?

நீர் ஓரிரு பருவத்தில் திரும்பும். செடிகளும் பறவைகளும் சில ஆண்டுகளில் வரும். மண் மிக மெதுவாகத்தான் மாறும். உலகெங்கும் மீட்கப்பட்டும் உருவாக்கப்பட்டும் இருந்த 621 ஈரநிலங்களை ஒப்பிட்டு 2012இல் வெளியான ஆய்வு, நூறு ஆண்டு கடந்தும் அவற்றின் உயிரியல் அமைப்பு இயற்கையான ஈரநிலங்களைவிடச் சராசரியாக 26 விழுக்காடு குறைவாகவே இருந்ததாகக் காட்டியது. ஆகவேதான், கெட்டுப்போகாமல் எஞ்சியிருக்கும் ஒரு துண்டு நிலத்தையும் விட்டுக்கொடுக்காதீர்கள் என்று போகும் இடமெல்லாம் கெஞ்சுகிறேன்.

பல்லாவரத்திலிருந்து இளந்தாய்: ஈரநிலம் என்றால் கொசு பெருகாதா? டெங்கு பயம் இருக்கிறது.

உங்கள் கவலை நியாயமானது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் வீட்டுத் தொட்டி, டயர், தேங்காய் ஓடு போன்றவற்றில் தேங்கும் நீரில் முட்டையிடும். க்யூலெக்ஸ் கொசு கழிவுநீர்த் தேக்கத்தை நாடும். மீனும் தும்பிக் குஞ்சுகளும் நிறைந்த நீரில் கொசுப்புழுக்கள் பிழைப்பது கடினம். கழிவுநீரை நிறுத்துவதே இதற்கும் வழி. கோடையில் நிலம் வறள்வது ஜிலேபி போன்ற வெளிநாட்டு மீன்களைக் கட்டுப்படுத்தவும் உதவும். சேற்றுக்குள் தாக்குப்பிடிக்கும் விரால் அடுத்த மழையில் மீண்டும் வரும்.

ராயப்பேட்டையிலிருந்து ஆய்வு மாணவர்: செயற்கைக்கோள் படங்களை மட்டும் வைத்துக் கண்காணிக்கலாமா?

நீர்ப்பரப்பின் விரிவுக்கு அவை சிறந்தவை. சென்டினல்-2 படங்கள் 10 மீட்டர் நுணுக்கத்தில், ஐந்து நாளுக்கு ஒருமுறை இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் நமக்குத் தேவையான ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மேகம் மறைத்துவிடும். அப்போது மேகத்தை ஊடுருவும் சென்டினல்-1 ரேடார் படங்களைப் பயன்படுத்துங்கள். ஆகாயத்தாமரை மூடிய நீரைப் படம் புல்வெளியாகக் காட்டக்கூடும் என்பதால் அளவுகோல் நோட்டோடு ஒப்பிடாமல் எழுதிவிடாதீர்கள்.

சட்டம் பற்றிக் கேட்ட மூவருக்கு: பள்ளிக்கரணையில் 1,247 ஹெக்டேருக்குச் சற்று மேற்பட்ட பரப்பு 2022இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்து, ராம்சார் தளமானது. ஆனால் 2017ஆம் ஆண்டின் ஈரநில விதிகள் பாசனத்துக்காக மனிதர் அமைத்த நீர்நிலைகளையும் ஆற்றுப் படுகைகளையும் விலக்கிவிட்டன. எனவே நம் ஏரிகளுக்கு 2007ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டமே பெரும்பாலும் துணை. முடிச்சூர் நண்பரின் மேய்க்கால் இந்த இரண்டுக்கும் இடையில் சிக்கிக்கொள்ளக்கூடிய நிலம். கிராம நிர்வாக அலுவலரிடம், நிலத்தின் வகைப்பாட்டைக் காட்டும் அ-பதிவேட்டு நகலும், எல்லையைக் காட்டும் புலப்படமும் கேட்டு வாங்கி, வகைப்பாடு மாறாமல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கடைசியாக, முடிச்சூர் நண்பரே மீண்டும்: இந்த ஆண்டு மழைக்கு முன் ஒரே ஒரு வேலைதான் செய்ய முடியும் என்றால் எதைச் செய்வது?

புரட்டாசிக்குள் வரத்துக் கால்வாயை முழு நீளத்துக்கும் நடந்து பாருங்கள், மேய்க்காலிலிருந்து நீர் ஆற்றுக்கு வடியும் வாய்க்காலையும் விடாதீர்கள். அடைப்பு உள்ள ஒவ்வோர் இடத்தையும் புகைப்படத்தோடு குறித்துவைத்து, அளவுகோலைப் பொருத்திவிடுங்கள். முதல் மழை பெய்த மறுநாள் அதில் என்ன அளவு இருந்தது என்று எனக்கு எழுதுங்கள்.