உழைப்பையும் உயர்வையும் ஆங்கிலத்தில் சொல்ல: வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பல, லட்சியம், முயற்சி, முன்னேற்றம் ஆகியவற்றை ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்லும்போது ஏற்படும் தடுமாற்றத்தைப் பற்றியே இருந்தன. ஆகவே பக்கம் முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: நேர்முகத் தேர்வு ஒன்றில், ‘ஐ ஆம் வெரி ஆம்பிஷியஸ்’ என்று சொன்னேன். ‘பேராசைக்காரி என்று நீயே சொல்லிக்கொண்டாய்’ என்கிறாள் என் தோழி. அது நல்ல சொல்லா, கெட்ட சொல்லா? (வாசகி, பெரம்பூர்)

பதில்: உங்கள் தோழியின் அச்சத்துக்கு வரலாற்றில் இடம் உண்டு. பண்டைய ரோமாபுரியில் பதவிக்குப் போட்டியிட்டவர்கள், வெளுக்கப்பட்ட மேலாடையை உடுத்திக்கொண்டு, ஊரைச் சுற்றி வந்து வாக்குக் கேட்டார்கள். ‘சுற்றி வருதல்’ என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து பிறந்ததுதான் ‘ஆம்பிஷன்’; அந்த வெள்ளாடையிலிருந்து வந்தது ‘கேண்டிடேட்’. பணம் கொடுத்து வாக்கு வாங்கும் குற்றத்துக்கு ரோமானியர் வைத்த பெயரும் அதே வேரைச் சேர்ந்தது என்பதால், பதவி மோகம் என்ற சாயல் ஆங்கிலத்திலும் அச்சொல்லின் மேல் நெடுங்காலம் படிந்திருந்தது.

இன்றைய அலுவலக ஆங்கிலத்தில் அது பாராட்டாகவே வழங்குகிறது. நீங்கள் சொன்னதில் பிழை ஏதும் இல்லை. ஆனால் அதைச் சொன்னதால் உங்களுக்கு ஆதாயமும் இல்லை என்பது என் கருத்து. ‘ஆம்பிஷியஸ்’, ‘மோட்டிவேட்டட்’, ‘ஹார்டுவர்க்கிங்’ ஆகியவை பிறர் நம்மைப் பற்றிச் சொல்லும்போதுதான் எடை பெறுகின்றன. நாமே சொல்லிக்கொள்ளும்போது, எதிரே இருப்பவர் அன்று காலையிலிருந்து எல்லோரிடமும் கேட்ட சொற்களாகவே அவை போய்விடும். உங்கள் லட்சியம் என்னவோ அதையே சொல்லுங்கள். கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ‘ஐ வான்ட் டு ஹேண்டில் ஆடிட்ஸ் ஆன் மை ஓன் வித்தின் டூ இயர்ஸ்’ என்றால், நீங்கள் ஆம்பிஷியஸ் என்பதைக் கேட்பவரே முடிவு செய்துகொள்வார்.

இன்னொன்றும் இருக்கிறது. ஆளைக் குறிக்காமல் ஒரு திட்டத்தைக் குறித்து, மேலாளர் ‘தட்ஸ் ரேதர் ஆம்பிஷியஸ்’ என்றால் மகிழ்ந்துவிடாதீர்கள். இது நடக்கிற காரியமா என்ற ஐயத்தைத்தான் பெரும்பாலும் அவர் பண்பாகத் தெரிவிக்கிறார்.

கேள்வி: பழைய மாமல்லபுரம் சாலையில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் இருக்கிறேன். ஆண்டு முடிவில் நிரப்பித் தரும் சுயமதிப்பீட்டுப் படிவத்தில், ‘ஐ புட் லாட் ஆஃப் எஃபர்ட்ஸ்’, ‘ஐ ஸ்ட்ரகிள்ட் டு கம்ப்ளீட் த டார்கெட்’, ‘ஐ ட்ரைடு டு ரெட்யூஸ் கஸ்டமர் கம்ப்ளெயின்ட்ஸ்’, ‘ஐ வர்க்டு ஹார்ட்லி’ என்று எழுதியிருந்தேன். இத்தனைக்கும் புகார்களை உண்மையிலேயே பாதிக்கும் கீழே குறைத்தவன் நான். ‘உன் படிவத்தைப் படித்தால் உனக்கு வேலை வரவில்லை என்பதுபோல் இருக்கிறதே’ என்றார் டீம் லீடர். எங்கே தவறு? (வாசகர், தாம்பரம்)

பதில்: நான்கு வாக்கியங்களையும் தமிழில் நினைத்து எழுதியிருக்கிறீர்கள். தமிழில் அவை உழைப்பைப் பேசுகின்றன. ஆங்கிலத்தில் மூன்று வாக்கியங்கள் உங்களுக்கு எதிராகவே சாட்சி சொல்கின்றன. இவ்வளவு உழைத்தவருக்கு இந்த நிலை வந்திருக்கக் கூடாது என்று படிக்கும்போதே வருந்தினேன்.

முதலில் மிகவும் ஆபத்தானது. ‘ஹார்ட்லி’ என்பதற்கு ‘கடினமாக’ என்று பொருள் கிடையாது. ‘கிட்டத்தட்ட இல்லவே இல்லை’ என்றுதான் பொருள். ‘ஐ ஹார்ட்லி வர்க்டு’ என்றால், நான் வேலையே செய்யவில்லை என்று ஒப்புக்கொள்வதாகும். நீங்கள் எழுதிய வரிசையில் அந்தப் பொருள் நேராக வராவிட்டாலும், படிப்பவரின் மனம் அங்கேதான் போகும். வினையோடு வரும்போதும் ‘ஹார்டு’ என்பது ‘ஹார்டு’ என்றேதான் நிற்கும்: ‘ஐ வர்க்டு ஹார்டு’.

அடுத்தது ‘ஸ்ட்ரகிள்’. நாம் ‘போராடி முடித்தேன்’ என்னும்போது அதில் வெற்றியும் பெருமையும் சேர்ந்தே ஒலிக்கின்றன. ஆங்கிலத்தில் ‘ஸ்ட்ரகிள்ட் டு’ என்று ஒரு வினையைச் சேர்த்துச் சொன்னால், அந்த வேலை உங்களுக்குச் சரியாக வரவில்லை, திணறினீர்கள் என்பதுதான் முன்னே நிற்கிறது. முடித்தீர்களா என்பது தெரிவதே இல்லை. விடுதலைப் போராட்டத்தைப் பற்றி எழுதும்போது ‘ஸ்ட்ரகிள் ஃபார்’ கம்பீரமான சொல். மாத இலக்கைப் பற்றி எழுதும்போது அது குறையைக் குறிக்கிறது. தவிர, இலக்கை ‘கம்ப்ளீட்’ செய்வதில்லை. ‘மீட்’ செய்வார்கள், ‘ரீச்’ செய்வார்கள், தாண்டினால் ‘எக்ஸீட்’ செய்வார்கள்.

‘ட்ரைடு டு’ இவற்றைவிட நுட்பமானது. முயன்றேன் என்று மட்டும் சொல்லி நிறுத்தினால், பலிக்கவில்லை என்றே ஆங்கிலத்தில் பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள். முயன்று முடித்ததற்கு ‘மேனேஜ்டு டு’ உண்டு. ‘சக்ஸீடட் இன்’ உண்டு. பின்னதற்குப் பிறகு ‘டு ரெட்யூஸ்’ வராது, ‘ரெட்யூஸிங்’ என்றே வரும். நீங்கள் இவற்றையெல்லாம் விட்டுவிட்டு நேரே ‘ஐ ரெட்யூஸ்டு’ என்று தொடங்கி, எண்ணைப் போட்டிருக்கலாம். மாதம் 40 புகார்கள் 18 ஆகியிருந்தால், ‘ஐ ரெட்யூஸ்டு கம்ப்ளெயின்ட்ஸ் ஃப்ரம் ஃபார்ட்டி அ மன்த் டு எய்ட்டீன்’ என்ற ஒரே வரி, படிவத்தின் மற்ற எல்லா வரிகளையும் தாங்கி நிற்கும்.

‘எஃபர்ட்ஸ்’ சிறிய விஷயம். பன்மை அடியோடு தவறில்லை. பலருடைய முயற்சிகளையோ, பல முறை செய்த முயற்சிகளையோ குறிக்கப் பன்மை பொருந்தும். ‘புட்’ என்ற வினையோடு மட்டும் ஒருமைதான் வழக்கம்: ‘ஐ புட் அ லாட் ஆஃப் எஃபர்ட் இன்டு ட்ரெய்னிங் த நியூ ஸ்டாஃப்’. ‘இன்டு’ வந்தவுடன் எதில் உழைத்தீர்கள் என்று சொல்லியே ஆக வேண்டியிருக்கிறது பாருங்கள். சுயமதிப்பீட்டில் தேவைப்படுவதும் அதுதான். அடுத்த படிவத்தைக் கொடுப்பதற்கு முன், ‘ட்ரைடு’, ‘ஸ்ட்ரகிள்ட்’ என்று இருக்கும் இடங்களையெல்லாம் பென்சிலால் வட்டமிட்டு, அந்த வேலை முடிந்ததா இல்லையா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். முடிந்திருந்தால், முடிந்தது என்று சொல்லும் வினையை எழுதுங்கள்.

கேள்வி: ‘வாழ்க்கையில் முன்னுக்கு வந்தார்’ என்பதற்கு ‘ஹீ கேம் அப் இன் லைஃப்’ என்று சொல்லலாமா? (வாசகர், அம்பத்தூர்)

பதில்: நம் நாட்டில் எல்லோருக்கும் புரியும். வெளிநாட்டவரிடம் ‘ஹீ ஹேஸ் டன் வெல் ஃபார் ஹிம்ஸெல்ஃப்’ என்பது இயல்பாக இருக்கும். கடைநிலையில் சேர்ந்து படிப்படியாக உயர்ந்தவர் என்றால், ‘ஹீ வர்க்டு ஹிஸ் வே அப்’ என்று சொல்லுங்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஹெல்ப்பராகச் சேர்ந்து சூப்பர்வைசர் ஆனவரைப் பற்றிப் பேச அதைவிடப் பொருத்தமான தொடர் எனக்குத் தெரிந்து இல்லை.

கேள்வி: கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், சொந்தப் புத்தகம் படிக்கும் பிரிவில் காலை முதல் இரவு வரை உட்கார்ந்து, மூன்று ஆண்டுகள் குரூப் 2 தேர்வுக்குப் படித்தேன். முதல்நிலைத் தேர்வில் தேறினேன். முதன்மைத் தேர்வில் தேற முடியவில்லை. இப்போது தனியார் வேலைக்குப் போகிறேன். ‘இந்த மூன்று வருஷம் என்ன செய்தீர்கள்?’ என்று ஆங்கிலத்தில் கேட்டால் வாயடைத்துப்போகிறது. ‘ஐ ஃபெயில்ட்’ என்ற சொல்தான் முதலில் வருகிறது. (வாசகி, சைதாப்பேட்டை)

பதில்: அந்த வாசிப்பு மேசைகளில் உட்கார்ந்து படிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் செய்வது உழைப்பு. அதை உழைப்பாகவே சொல்லும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. பொய் சொல்ல வேண்டியதில்லை, எதையும் மறைக்கவும் வேண்டியதில்லை. சரியான காலத்தையும் சரியான வினையையும் தேர்ந்தெடுத்தால் போதும்.

காலம் என்று நான் சொல்வது வினையின் காலத்தை. ‘ஐ ஹேவ் பீன் ப்ரிப்பேரிங்’ என்று சொன்னால் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள். அடுத்த அறிவிப்பு வந்ததும் வேலையை விட்டுவிடுவாரோ என்று எதிரே இருப்பவர் யோசிப்பார். ‘ஐ ப்ரிப்பேர்டு ஃபார் த குரூப் டூ எக்ஸாம் ஃபார் த்ரீ இயர்ஸ்’ என்றால் அது முடிந்த கதை. ‘ஐ வேஸ்டட் த்ரீ இயர்ஸ்’ என்று மட்டும் வாய் தவறியும் சொல்லாதீர்கள். உங்களுக்கு எதிராக யாரும் வைக்காத குற்றச்சாட்டை நீங்களே வைப்பது அது.

தேர்வில் தேறுவதை இங்கே ‘கிளியர்’ செய்வது என்கிறோம். சென்னையில் அது யாருக்கும் புரியும், வெளிநாட்டு நிறுவனத்தில் ‘பாஸ்’ என்பது பாதுகாப்பானது. நடந்ததை நடந்தபடி, ‘ஐ பாஸ்டு த ப்ரிலிமினரி எக்ஸாம் பட் டிட் நாட் கெட் த்ரூ த மெயின்ஸ்’ என்று நிதானமாகச் சொல்லிவிட்டு, அதே மூச்சில் அந்தப் படிப்பு என்ன கொடுத்தது என்பதற்கு வந்துவிடுங்கள். அரசியலமைப்பும் பொருளாதாரமும் திறனறிவுக் கணக்கும் படித்திருக்கிறீர்கள்; நீண்ட விடைகளைக் குறித்த நேரத்துக்குள் எழுதப் பழகியிருக்கிறீர்கள். ‘இட் டாட் மீ டு ரைட் க்ளியர்லி அண்டர் டைம் ப்ரெஷர்’ என்பது எந்த அலுவலகத்துக்கும் வேண்டிய தகுதி.

விடாமுயற்சிக்கு ‘பர்ஸிஸ்டென்ஸ்’, ‘பர்ஸிவியரன்ஸ்’ என்று இரண்டு சொற்கள் உண்டு. பின்னது தடைகளைத் தாங்கி நிற்பதைக் குறிப்பதால் உங்களுக்கு அதுவே நெருக்கமானது. ‘பர்செவரன்ஸ்’ என்று பலர் உச்சரிக்கிறார்கள். அழுத்தம் ‘வியர்’ என்னும் அசையில் விழ வேண்டும்.

கேள்வி: தொடக்கப்பள்ளி ஆசிரியை நான். ரேங்க் கார்டில் ‘ஷோயிங் அ குட் ப்ராக்ரஸ்’, ‘நீட்ஸ் டு இம்ப்ரவைஸ்’ என்று எழுதி வருகிறேன். இரண்டிலும் பிழை இருப்பதாக ஒரு பெற்றோர் சொன்னார். (வாசகி, இராயபுரம்)

பதில்: பெற்றோர் சொன்னது சரி. ‘ப்ராக்ரஸ்’ எண்ண முடியாத பெயர்ச்சொல். அதற்கு முன் ‘அ’ வராது, பன்மையும் ஆகாது. ‘ஷி ஹேஸ் மேட் குட் ப்ராக்ரஸ் இன் ரீடிங்’ என்று எழுதுங்கள். பெயர்ச்சொல்லாக வரும்போது முதல் அசையையும், வினையாக வரும்போது இரண்டாம் அசையையும் அழுத்திச் சொல்ல வேண்டும். ‘இம்ப்ரூவ்மென்ட்’டை எண்ணலாம் என்பதால் ‘அ க்ளியர் இம்ப்ரூவ்மென்ட் இன் ஹேண்ட்ரைட்டிங்’ சரியே.

‘இம்ப்ரவைஸ்’ முற்றிலும் வேறு சொல். முன்னேற்பாடு இல்லாமல், கையில் கிடைத்ததை வைத்து அந்த நேரத்துக்குச் சமாளிப்பது அது. கச்சேரியில் வித்வான் அப்போதைக்கப்போது கற்பனைஸ்வரம் பாடுவதை அந்தச் சொல்லால் குறிப்பார்கள். குழந்தை ‘இம்ப்ரூவ்’ ஆகத்தான் வேண்டும். எதில் என்பதையும் சேர்த்து எழுதுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ‘நீட்ஸ் டு இம்ப்ரூவ்’ என்று மொட்டையாக இருந்தால் வீட்டில் குழந்தைக்குத் திட்டுதான் விழும். ‘நீட்ஸ் மோர் ப்ராக்டிஸ் வித் சப்ட்ராக்ஷன்’ என்று இருந்தால் அன்று மாலையே அம்மா கழித்தல் கணக்கை எடுத்துக்கொண்டு உட்காருவார்.

கேள்வி: ‘டெடிகேட்டட் டு லேர்ன்’ சரியா, ‘டெடிகேட்டட் டு லேர்னிங்’ சரியா? (வாசகர், வடபழனி)

பதில்: ‘டெடிகேட்டட் டு லேர்னிங்’ சரி, ‘கமிட்டட் டு’, ‘லுக் ஃபார்வர்டு டு’ ஆகியவையும் இதே போலத்தான். ‘ஆஸ்பயர்’ மட்டும் வேறு வழியில் போகும்: ‘ஆஸ்பயர் டு லீட்’ என்று வினையின் மூல வடிவத்தை எழுதுங்கள்; பெயர்ச்சொல் வந்தால் ‘ஆஸ்பயர் டு லீடர்ஷிப்’.