ரொட்டேட்டர் கஃப்பைப் பலப்படுத்த டம்பெல் போதாதா, கேபிள் மெஷின்தான் வேண்டுமா?

நீங்கள் நின்றுகொண்டு, டம்பெல்லைப் பிடித்தபடி முழங்கையை மடித்து முன்கையை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டிருப்பீர்கள். ஜிம்மில் பாதிப் பேர் அப்படித்தான். அதில் ரொட்டேட்டர் கஃப்புக்கு, அதாவது தோள்மூட்டைச் சுற்றிப் பிடித்திருக்கும் தசைகளுக்கு, ஏறக்குறைய வேலையே இல்லை. டம்பெல் கீழே மட்டும்தான் இழுக்கும், அதை பைசெப்ஸ் தாங்கிக்கொள்ளும். டம்பெல்தான் என்றால் ஒருக்களித்துப் படுத்துச் செய்ய வேண்டும். கேபிள் மெஷினில் கப்பி வழியாக எடையைத் தூக்கும் கம்பி பக்கவாட்டில் இழுப்பதால் நின்றபடியே செய்யலாம்.

எட்டு மாதம் தப்பாகச் செய்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். பெஞ்ச் பிரஸ்ஸில் 80 கிலோ தூக்கிய பெருமையில் வலது தோளைக் கெடுத்துக்கொண்டேன். சட்டையில் வலது கையை முதலில் நுழைத்தால்தான் உண்டு. ஜிம் மாஸ்டர், "சதைப்பிடிப்பு சார், போகப்போகச் சரியாகிடும்" என்றார். போகப்போக ராத்திரி அந்தப் பக்கம் படுக்கவே முடியவில்லை.

கடைசியில் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் போனேன். அவர் சொல்லிக்கொடுத்தது இது: கப்பி முழங்கை உயரத்தில். இடதுபக்கம் மெஷினைப் பார்க்க நின்று, வலது முழங்கையை 90 டிகிரி மடித்து, அதற்கும் விலாவுக்கும் நடுவே சுருட்டிய துண்டு. கைப்பிடியை வயிற்றருகிலிருந்து வெளியே இழுத்து, மூன்று எண்ணி மெதுவாக விட வேண்டும். 15 தடவை, 3 செட். துண்டு விழுந்தால் அது கணக்கில் சேராது. நான் வீம்பாக 10 கிலோவில் பின்னைச் செருகினேன். முதல் இழுப்பிலேயே துண்டு தரையில். 2.5 கிலோவுக்கு இறங்க வேண்டியதாயிற்று. பக்கத்தில் ஒரு காலேஜ் பையன் கண்ணாடி வழியாக என் பிளேட்டை எண்ணினான்.

இது தோளின் பின்பக்கத் தசைகளுக்கு. அப்படியே திரும்பி நின்று உள்ளே இழுத்தால் முன்பக்கத் தசைக்கு. மூன்றாவது மாதம்தான் ராத்திரி வலி விட்டது.

"ரப்பர் பேண்டே போதுமே" என்று வரப்போகிறவர்களுக்கு: போதும்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் பேண்ட் நீள நீள இறுகும். கேபிளில் எடை கடைசிவரை ஏறக்குறைய ஒன்றுதான். நான் டாக்டரும் இல்லை. விழுந்து அடிபட்டு கையே தூக்க முடியவில்லை என்றால் இதைப் படித்துக்கொண்டிருக்காமல் போய்க் காட்டுங்கள்.

அந்த 2.5 கிலோ பிளேட் எங்கள் ஜிம்மில் இப்போது இல்லை. யாரோ கழற்றி எங்கோ வைத்துவிட்டார்கள். கேட்டால் "சொல்லியிருக்கோம் சார்". இருக்கிற ஒரே கேபிள் மெஷின் முன்னால் இரண்டு பேர் ரீல்ஸ் எடுக்கிறார்கள். வருடச் சந்தா முடிய நாலு மாதம் இருக்கிறது, புதுப்பிக்கச் சொல்லி இதுவரை மூன்று போன்.