ஜன்னல் யாருடையது?

அன்புள்ள ஐயா,

ஆறு மாதமாக ஜகார்த்தாவில் வேலை பார்க்கிறேன். இங்கே ஜன்னலை 'ஜெண்டேலா' என்றும் மேசையை 'மெஜா' என்றும் சொல்கிறார்கள். 1025இல் ராஜேந்திர சோழனின் படையோடு வந்த தமிழ்ச் சொற்கள் இவை என்று அலுவலக நண்பர்களிடம் பெருமையாகச் சொல்லிவிட்டேன். சரிதானே?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சொல்லியே விட்டீர்களா! ராஜேந்திரனின் படை இன்றைய மலேசியாவில் உள்ள கடாரத்துக்குப் போனது உண்மை. ஆனால் அது ஜன்னலைக் கொண்டுபோயிருக்க முடியாது, அன்று தமிழிலேயே ஜன்னல் கிடையாது. சிலப்பதிகாரத்தில் காற்று நுழைவது சாளரத்தின் வழியாக. காலதர் என்றும் ஒரு சொல் அதில் உண்டு.

ஜனேலா, மேசா இரண்டும் போர்ச்சுகீசியச் சொற்கள். 1510இல் கோவாவையும் 1511இல் மலாக்காவையும் பிடித்தவர்கள், இறங்கிய துறைமுகங்களில் எல்லாம் இவற்றை விட்டுச் சென்றார்கள். சிங்களத்தில் ஜனேலய, மேசய. கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாஹிலியிலும் மேசை 'மேசா'தான். நம்முடைய சாவி, அலமாரி, பொத்தான், ஏலம் எல்லாம் அதே கப்பலில் வந்தவை. இன்று உங்கள் நண்பர் காலில் போட்டிருக்கும் 'செபாத்து'வை யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரிடம் காட்டுங்கள். 'சப்பாத்து' என்பார். ஒருவர் நாட்டை மற்றவர் பார்த்திருக்கவே வேண்டாம்.

பேரரசு சுருங்கிய பிறகும் மொழி அடங்கவில்லை என்பதுதான் எனக்கு வியப்பு. 1706இல் தரங்கம்பாடிக்கு இரண்டு ஜெர்மானியப் பாதிரிமார்கள் வந்தார்கள். கோட்டை டென்மார்க்குடையது. ஊர் தமிழ் ஊர். சீகன்பால்கு தமிழ் படித்தார், கூட வந்த புளூட்சோ படித்ததோ போர்ச்சுகீசியம்! அந்தக் கடற்கரையில் வெள்ளைக்காரர்களிடம் வேலை செய்தவர்களுக்கும் கலப்புக் குடும்பங்களுக்கும் அதுதான் பேச்சு மொழி. மலாக்காவில் போர்ச்சுகீசியர் 1641இலேயே டச்சுக்காரர்களிடம் தோற்றுவிட்டார்கள். ஆனால் அங்கே கிறிஸ்தாங் என்ற போர்ச்சுகீசியக் கலப்பு மொழியை இன்றும் சில குடும்பங்கள் பேசுகின்றன. மட்டக்களப்பில் ஐரோப்பியக் கலப்பு வம்சாவளியினரான பறங்கியர் சிலரிடமும் அப்படி ஒன்று உண்டு.

நண்பர்களிடம் வெறுங்கையோடு போக வேண்டாம். கப்பல் உங்கள் ஜகார்த்தாவில் 'கபால்', கடை 'கெடை', பெட்டி 'பெத்தி', வியாபாரத்தில் போடும் முதல் 'மோடல்'. இவை நாம் கொடுத்தவை. பட்டியலைப் பார்த்தாலே கொண்டுபோனவன் வாளோடு போனவன் அல்ல, மூட்டையோடு போனவன் என்று தோன்றவில்லையா? மாப்பிள்ளைகூடப் போயிருக்கிறார், 'மெம்பெலாய்' என்ற பெயரில். அங்கே மணப்பெண்ணுக்கும் அதே சொல்தான்.