ஆயில் மூடிக்குள் மோர்க்குழம்பு

கேள்வி: அண்ணா, நான் ஊட்டியில் ஆசிரியை. போன வருடம் கோயம்புத்தூரில் ஒரு பழைய பெட்ரோல் கார் வாங்கினேன். வீட்டிலிருந்து பள்ளிக்கு 3 கிலோமீட்டர். அதைத் தாண்டி வண்டி எங்கும் போவதில்லை. டிசம்பரில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால், அடியில் மோர்க்குழம்பு மாதிரி என்னவோ அப்பிக் கிடந்தது. இங்குள்ள மெக்கானிக், "ஹெட் கேஸ்கட் போச்சு, இன்ஜினைப் பிரிக்கணும்" என்று இருபதாயிரம் கேட்கிறார். பிரிக்கச் சொல்லவா? (ஹீட்டரும் சரியாகச் சூடு தருவதில்லை. அதை அப்புறம் பார்த்துக்கொள்கிறேன்.)

பதில்: கொஞ்சம் பொறுங்கள் டீச்சர். அடைப்புக்குறிக்குள் ஹீட்டரைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, என் கண் அங்கேதான் போனது. அதற்கு வருகிறேன்.

மூடியில் இருப்பது ஆயிலும் தண்ணீரும் கலந்து கடைந்த குழம்பு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. பெரும்பகுதி சைலன்சர் வழியாகப் போய்விடும். காலையில் சைலன்சர் முனையில் சொட்டுவது அதுதான். கொஞ்சம் மட்டும் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி ஆயில் பக்கம் இறங்கும். ஆயில் நன்றாகச் சூடேறினால் இந்த ஈரம் ஆவியாகி பிரீத்தர் குழாய் வழியே வெளியேறிவிடும். 3 கிலோமீட்டரில், அதுவும் ஊட்டிக் குளிரில், ஆயில் சூடாவதற்குள் உங்கள் பள்ளி வந்துவிடுகிறது. இட்லிப் பானை மூடியில் நீர் கோப்பது போல, உச்சியில் குளிர்ந்து கிடக்கும் அந்த மூடியில் ஈரம் கோக்கிறது.

ஹெட் கேஸ்கட் என்பது இன்ஜினின் தலைப்பகுதிக்கும் உடலுக்கும் நடுவில் உள்ள தகடு. அது போனால் கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர், ஆயிலில் கலந்தும் இந்தக் குழம்பு வரலாம். அந்தச் சந்தேகத்தை நீங்களே பார்த்துவிடலாம். இன்ஜின் ஆறிய பிறகு, ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவுங்கள். ஆயில் தெளிவாக இருந்து, கூலன்ட் டப்பாவில் அளவும் இரண்டு வாரமாக இறங்காமல் இருந்தால் இப்போதைக்கு இன்ஜினில் கை வைக்க விடாதீர்கள். டிப்ஸ்டிக்கிலும் அதே மோர்க்குழம்பு, கூலன்ட் குறைகிறது, சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லை என்றால் உங்கள் மெக்கானிக் சொன்னது சரி. வண்டியை ஸ்டார்ட்கூட செய்யாதீர்கள். மேட்டுப்பாளையத்தில் என் பட்டறையில் இதற்கென்றே ஒரு பழைய குழிக்கரண்டி வைத்திருக்கிறேன். அதைச் சூடாக்கி, டிப்ஸ்டிக்கிலிருந்து இரண்டு சொட்டு விடுவேன். சும்மா புகைந்தால் சரி, கடுகு மாதிரி வெடித்தால் ஆயிலில் தண்ணீர். வீட்டு அடுப்பில் இதைச் செய்ய வேண்டாம், கண்ணில் தெறிக்கும்.

இப்போது ஹீட்டர். வண்டி சூடாகிறது என்று வந்தால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசிவிடும் பழக்கம் மலைக்குக் கீழே சமவெளியில் இருக்கும் மெக்கானிக்குகளிடம் உண்டு. ஆரம்பத்தில் நானும் செய்தவன்தான். இன்ஜின் சூடேறும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் பிடித்து வைப்பது அந்தச் சின்ன வால்வுதான். அது இல்லாவிட்டால் கோவை வெயிலில் ஒன்றும் தெரியாது. ஊட்டியில் இன்ஜினுக்குச் சூடே பிடிக்காது. அந்தச் சூட்டை நம்பியிருக்கும் ஹீட்டரும் அப்படித்தான். 20 நிமிடம் ஓட்டிய பிறகும் ஹீட்டர் வெதுவெதுப்போடு நின்று, டெம்பரேச்சர் முள்ளும் கீழேயே படுத்திருந்தால், முதலில் தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று திறந்து பார்க்கச் சொல்லுங்கள். இருந்தும் திறந்தபடியே சிக்கியிருக்கலாம். இருபதாயிரத்தோடு ஒப்பிட்டால் அந்தச் செலவு ஒன்றுமே இல்லை.

அதோடு ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். பழைய ஆயிலில் தண்ணீரோடு எரியாத பெட்ரோலும் சேர்ந்திருக்கும். உள்ளே அமிலம் ஊறி பேரிங்கைத் தின்னும். பிரீத்தர் குழாயிலும் இதே குழம்பு அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இனி கிலோமீட்டர் கணக்குப் பார்க்காமல் 6 மாதத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றுங்கள்.

காலையில் வாசலில் நிறுத்தி 10 நிமிடம் ஓடவிடும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். அதில் ஈரம்தான் கூடும். ஞாயிற்றுக்கிழமை குன்னூர் வரை இறங்கி ஏறி வாருங்கள். இறங்கும்போது பெரிதாகச் சூடேறாது, திரும்பி ஏறும்போதுதான் ஆயில் காயும். மூடியைத் துணியால் துடைத்து மாட்டிவிட்டு, இரண்டு ஞாயிறு போய்வந்த பிறகு திறந்து பார்த்து எழுதுங்கள்.