கதிரும் கதிர்காமநாதனும்

அன்பின் ஐயா,

எங்களுக்கு மகன் பிறந்து பத்து நாளாகிறது. முப்பத்தோராம் நாள் பெயர் வைக்க இருக்கிறோம். காலமான என் அப்பாவின் பெயர் கதிர்காமநாதன். அதையே பேரனுக்கு வைக்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. பெயர் நீளம், பழசு, பள்ளிக்கூடத்தில் கேலி செய்வார்கள் என்று மனைவி பயப்படுகிறார். 'கதிர்' என்று மட்டும் வைத்தால் போதாதா? இரண்டும் ஒன்றுதானே?

ஒரு வாசகர், வெள்ளவத்தை

அன்புள்ள வாசகருக்கு,

தாயும் பிள்ளையும் சுகமாக இருக்கட்டும்.

இரண்டும் ஒன்றல்ல. கதிர் என்றால் சூரியக் கதிர், நெற்கதிர். நூல் நூற்கும் கதிரும் அதுதான். அழகான சொல், எந்த ஊர்ப் பிள்ளைக்கும் பொருந்தும். கதிர்காமநாதன் என்ற பெயருக்குள் ஓர் ஊர் இருக்கிறது. முருகன் கோவில் கொண்ட கதிர்காமம் என்ற அந்த ஊர் நம்முடைய இலங்கைத் தீவில் இருக்கிறது.

கதிர்காமம் என்பதைக் கதிர், காமம் என்று பிரித்து ஒளி என்றும் அன்பு என்றும் பொருள் சொல்வது வழக்கம். பக்தியோடு சொல்லப்படும் விளக்கம்தான், ஆனால் எனக்கு அதில் உடன்பாடில்லை. வலிகாமம், கொடிகாமம் என்ற ஊர்ப் பெயர்களை நினைத்துப் பாருங்கள். அங்கே வரும் காமம் 'கிராமம்' என்ற சொல்லின் திரிபு. கதிர்காமத்திலும் அப்படித்தான். இலங்கையின் பழைய வரலாற்று நூலான மகாவம்சம் இந்த ஊரைக் கஜரகாமம் என்கிறது, சிங்களத்தில் கதரகம. தமிழ்க் காது அதில் கதிரைக் கேட்டது. 15ஆம் நூற்றாண்டில் அருணகிரிநாதர் திருப்புகழில் பாடியபோது அது கதிர்காமமாகவே இருந்தது.

அந்த ஊரிலிருந்து எத்தனை பெயர்கள் பிறந்தன! கதிர்காமர், கதிர்காமத்தம்பி, கதிரேசன், கதிரவேலு, கதிரைவேலு. கடைசிப் பெயரில் உள்ள 'கதிரை' நாம் உட்காரும் கதிரை அல்ல; அது போர்த்துக்கேயரிடமிருந்து வந்த சொல். பெயரில் இருப்பது கதிர்காமத்தின் இன்னொரு பெயர். தமிழகராதி தொகுத்த புலோலி நா. கதிரைவேற்பிள்ளை (1871–1907) அந்தப் பெயரைத்தான் சுமந்தார். உங்கள் மனைவி பயப்படும் கேலி கதிரைவேலுவுக்கு வரலாம், கதிர்காமநாதனுக்கு வராது.

கொழும்பில் இருந்துகொண்டு இந்தப் பெயரைப் பழசு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. செட்டியார் தெருவில் பழைய கதிரேசன் கோவில், புதிய கதிரேசன் கோவில் என்று இரண்டு இருக்கின்றன. நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கதிர்காமக் கந்தனைக் கதிரேசன் என்று வணங்கினார்கள். 19ஆம் நூற்றாண்டில் கொள்ளைநோயால் கதிர்காம யாத்திரை தடைப்பட்டபோது கொழும்பிலேயே ஆடிவேல் என்ற வேல் ஊர்வலத்தை எடுக்கத் தொடங்கினார்கள் என்று சொல்வார்கள். அந்த வேல் பம்பலப்பிட்டிக்கு வரும் வழியில் நின்று கும்பிட்டவர்களின் வீடுகளிலும் இந்தப் பெயர்தானே வழங்கியது. செட்டிநாட்டிலும் அது உண்டு: பண்டிதமணி மு. கதிரேசன் செட்டியார் 1881இல் பிறந்தவர். அப்புறம், இலங்கையின் வெளிவிவகார அமைச்சராக இருந்து 2005இல் கொழும்பில் கொல்லப்பட்ட லக்ஷ்மன் கதிர்காமர் கிறிஸ்தவக் குடும்பத்தவர். சமயம் மாறிய பிறகும் அந்தக் குடும்பத்தில் ஊர்ப் பெயர் தங்கிவிட்டது.

இன்று இந்தப் பெயரைக் கல்யாணக் கார்டுகளில் மாப்பிள்ளையின் தகப்பன் பெயராகவோ பாட்டன் பெயராகவோதான் பார்க்கிறேன். நட்சத்திர எழுத்து, எண்கணிதம், வெளிநாட்டில் உச்சரிக்கச் சுலபமாக இரண்டு அசை, கடைசியில் ஒரு 'ஷ்' என்று போகிறது தேர்வு. அதில் தப்பில்லை. ஆனாலும் ஒரு பெயர் நம் கண்முன்னே நின்றுபோவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சரி, உங்கள் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். பிறப்புச் சான்றிதழில் கதிர்காமநாதன் என்று பதியுங்கள், வீட்டில் கதிர் என்று கூப்பிடுங்கள். நீளப் பெயரைச் சுருக்கிக்கொள்ளலாம். கதிர் என்று மட்டும் பதிந்தால் அதிலிருந்து யாராலும் கதிர்காமத்துக்குத் திரும்பிப் போக முடியாது. பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்ததுதான், பாட்டனின் பெயரைத் தாங்குகிறவன்.

ஆங்கிலத்தில் எழுதும்போது மட்டும் கவனமாக இருங்கள். நடுவில் வரும் 'தி'யை ஒருவர் ஒரு மாதிரியும் அடுத்தவர் வேறு மாதிரியும் எழுதுவார்கள். என் அப்பாவின் பெயர் கதிரவேலு. பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் வேறு எழுத்து. கடவுச்சீட்டு எடுக்கப் போனபோது இரண்டும் ஒரே ஆள்தான் என்று சத்தியக் கடதாசி முடிக்கச் சொல்லி மூன்று தடவை திருப்பி அனுப்பினார்கள். எழுபது வயதில் தன் பெயர் தன்னுடையதுதான் என்று கையெழுத்து வைத்தார். எந்த எழுத்துகள் என்று இப்போதே முடிவு செய்து, எல்லா இடத்திலும் அதையே கொடுங்கள்.

இன்னொன்று. பிள்ளை வரம் வேண்டி கதிர்காமத்துக்கு நேர்த்தி வைத்து, பிறந்த பிள்ளைக்கு அந்தப் பெயரை வைத்த வீடுகள் நம்மிடையே நிறைய உண்டு. உங்கள் அப்பாவுக்கும் அப்படி வந்த பெயரா என்று அம்மாவிடம் கேளுங்கள். மனைவியும் பக்கத்தில் இருக்கும்போது கேளுங்கள்.