வயலின் ஆசிரியரின் அறிமுகக் குறிப்பில் எதைப் பார்க்க வேண்டும்?

சமூக இசைப் பள்ளி ஒன்றில் 7 வயதுப் பிள்ளையை வயலினுக்குச் சேர்க்கப் போகிறீர்கள். அங்கே ஓர் ஆர்கெஸ்ட்ரா கலைஞர், சுசுகி முறையில் (காதால் கேட்டுக் கற்கும் ஜப்பானிய வழி) பயிற்சி பெற்ற ஒருவர், நாட்டுப்புற ஃபிடில் வாசிக்கும் ஒருவர் என மூன்று பேர் இருக்கிறார்கள். யாரிடம் சேர்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்படியொரு பள்ளியில்தான் நான் 36 வயதில் செல்லோ (வயலின் குடும்பத்தின் பெரிய வாத்தியம்) கற்கத் தொடங்கினேன். இரண்டு ஆசிரியர்களிடம் படித்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: பட்டத்தையும் மேடைகளையும் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு முன்னால், இவர் எதையாவது கஷ்டப்பட்டுக் கற்றவரா என்று விசாரியுங்கள்.

என் முதல் ஆசிரியர் பல வருடம் ஆர்கெஸ்ட்ராவில் வாசித்தவர். அவர் வில்லைத் தந்தியில் வைத்தாலே அறை நிறைந்துவிடும். 4 வயதில் தொடங்கியவர் என்பதால் கையை எப்படி வைக்கிறோம் என்று அவர் யோசித்ததே கிடையாது. எனக்கோ இடது கட்டைவிரல் விடாமல் வலித்தது. "இறுக்கிப் பிடிக்காதீங்க, லூசா விடுங்க" என்பார், உடனே வாசித்தும் காட்டுவார். எப்படி விடுவது என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. அந்த இறுக்கம் தனக்கு இருந்ததாகவே அவருக்கு ஞாபகம் இல்லை. நாலு மாதம் இப்படியே போனது. அவர் மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு, நல்ல தொனி என்றால் என்ன என்று என் காதுக்குக் காட்டியவர் அவர்தான்.

அடுத்து வந்தவர் 16 வயதில் தொடங்கியவர். இசைக் கல்லூரியில் படிக்கும்போது மணிக்கட்டு கெட்டுப்போய், ஒரு வருடம் வாத்தியத்தைத் தொடாமல் இருந்து, பிறகு ஒவ்வொரு அசைவையும் முதலிலிருந்து கற்றுக்கொண்டவர். முதல் வகுப்பிலேயே கட்டைவிரலைச் செல்லோவின் கழுத்திலிருந்து முழுதாக எடுத்துவிட்டு வாசிக்கச் சொன்னார். திகைத்துப் போனேன். ஆனால் வாசிக்க முடிந்தது! தந்தியை அழுத்துவதற்குக் கிடுக்கிப்பிடி வேண்டியதில்லை, கையின் எடையே போதும் என்பது அன்றுதான் என் உடம்புக்குப் புரிந்தது. ஆறு வாரத்தில் வலி போய்விட்டது.

பால் ரோலண்ட் என்ற ஹங்கேரிய வயலின் ஆசிரியர் 1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இதையே ஓர் ஆய்வாக நடத்தினார். உடல் இறுகாமல் வாசிப்பதைத் தொடக்கநிலைப் பிள்ளைகளுக்கே சொல்லித்தர வேண்டும், முதல் வருடத்திலேயே இடது கை விரல்பலகை முழுவதும் உலாவ வேண்டும் என்பது அவர் வழி. ஆசிரியரின் குறிப்பில் ரோலண்ட் பெயர் இருந்தால் நல்ல அறிகுறியாகவே எடுத்துக்கொள்வேன்.

சரி, சுசுகி. ஷினிச்சி சுசுகியின் அப்பா நகோயாவில் வயலின் தொழிற்சாலை நடத்தியவர். பெட்டி பெட்டியாக வயலின் செய்யும் வீட்டில் பிறந்தும், வயலின் கலைஞர் மிஷா எல்மனின் இசைத்தட்டைக் கேட்ட பிறகு, 17 வயதில்தான் அவர் வாசிக்கவே ஆரம்பித்தார். 1920களில் பெர்லினில் கார்ல் கிளிங்லர் என்ற வயலின் கலைஞரிடம் படித்தார். குழந்தை தாய்மொழியைக் காதால் கேட்டுக் கற்பது போல இசையையும் கற்கலாம் என்ற முறையை உருவாக்கியவர், தானே குழந்தைப் பருவத்தைத் தாண்டித் தொடங்கியவர் என்பது எனக்கு எப்போதும் நெகிழ்ச்சியான விஷயம். இந்த முறையில் பெற்றோரும் வகுப்பில் உட்கார வேண்டும், வீட்டில் தினமும் கூட இருந்து பயிற்சி செய்ய வைக்க வேண்டும். வயலினுக்கு 10 புத்தகங்கள். ஆசிரியர் பயிற்சி பல நாடுகளில் புத்தக வாரியாக நடப்பதால், "எத்தனையாவது புத்தகம் வரை பயிற்சி முடித்திருக்கிறீர்கள்?" என்று கேட்பதில் தவறில்லை.

ஃபிடில் வாசிப்பவரையும் தள்ளிவிடாதீர்கள். கேட்டதை அப்படியே வாசிக்கும் காது அவர்களிடம் இருக்கும். நோட்டேஷன் (எழுதிய இசைக்குறிப்பு) படிக்கச் சொல்லித் தருவாரா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. குறிப்பில் எழுத முடியாத பின்னணியும் உண்டு. நியூயார்க்கில் ஏழைப் பிள்ளைகளுக்காக 1894-ல் எமிலி வாக்னர் தொடங்கிய பள்ளி, இந்த வகைப் பள்ளிகளுக்கு முன்னோடி. பிற்காலத்தில் அதன் இயக்குநரான வயலின் கலைஞர் டேவிட் மேன்னஸ், வசதியில்லாத வீட்டுப் பிள்ளை. ஜான் டக்ளஸ் என்ற கறுப்பின வயலின் கலைஞர் சிறுவன் மேன்னஸுக்குக் காசு வாங்காமல் சொல்லித் தந்தார். திறமை இருந்தும் நிறத்தின் காரணமாக ஆர்கெஸ்ட்ராக்களில் இடம் கிடைக்காதவர் டக்ளஸ். மேன்னஸ் அந்தக் கடனை மறக்கவில்லை. 1911-ல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று ஓர் இசைப் பள்ளி உருவாக முன்நின்றார். டக்ளஸின் அறிமுகக் குறிப்பைப் பள்ளிச் சுவரில் ஒட்டியிருந்தால் எந்தப் பெரிய ஆர்கெஸ்ட்ராவின் பெயரும் அதில் இருந்திருக்காது.

அதனால் மூன்று பேரிடமும் ஒரு சோதனை வகுப்பு கேளுங்கள், பல பள்ளிகள் தருகின்றன. ஆசிரியர் எவ்வளவு நேரம் தான் வாசிக்கிறார், எவ்வளவு நேரம் பிள்ளையின் கையைப் பார்க்கிறார் என்று கவனியுங்கள். ஒரு விளக்கம் புரியவில்லை என்றால் அதையே சத்தமாகச் சொல்கிறாரா, வேறு வழியில் சொல்கிறாரா என்றும் பாருங்கள். பிள்ளையின் கை நீளத்தை அளந்து பார்த்து வயலின் அளவைச் சொல்பவர் என்றால் எனக்குக் கூடுதல் நம்பிக்கை வரும். அப்புறம், இவர்களில் பலர் இரண்டு மூன்று இடங்களில் பகுதிநேரமாக வேலை செய்பவர்கள். அடுத்த வருடமும் இங்கே இருப்பாரா என்று கேட்டுவிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் பிள்ளையிடம் "பிடிச்சுதா?" என்று கேட்காமல், "வில்லை எப்படிப் பிடிக்கச் சொன்னாங்க, காட்டு" என்று ஒரு பென்சிலைக் கொடுங்கள். தயங்காமல் பிடித்துக் காட்டினால், அந்த ஆசிரியரிடமே சேர்த்துவிடுங்கள்.